போர்க்கப்பலைத் தாக்க வரும் சின்னப் படகைத் தடுக்க எந்தப் பீரங்கி? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

உவரிக்காரன்:
பீரங்கிக் குழலின் விட்டம் 25 மி.மீ. போதுமா, 30 வேண்டுமா, 57 வந்தால்தான் சரியா என்று எல்லோரும் கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டே பேசுகிறீர்கள். நான் குழலுக்கு எதிர்ப்பக்கம் இருந்தவன். துபாய்ப் பக்கம் லாஞ்சில் கூடு வைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்த காலம். விடியும் நேரத்தில் கூடு கிடக்கும் இடத்துக்குப் போனால் நடுவே ஒரு போர்க்கப்பல். ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். எங்கள் எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் புரியவில்லை. அதன் பக்கவாட்டில் ஒரு சிறிய பீரங்கி, பின்னால் ஆளே கிடையாது. நாங்கள் திரும்பிய பக்கமெல்லாம் அதுவும் திரும்பியது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அலையில் கப்பல் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. குழல் மட்டும் அசையவில்லை. எங்கள் நெஞ்சுக்கு நேராகவே நின்றது. ஊருக்கு வந்து இத்தனை காலம் ஆகியும் அந்த அசையாத குழல்தான் கண்ணில் நிற்கிறது.

பழைய கன்னர், பாளையங்கோட்டை:
அண்ணாச்சி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது புஷ்மாஸ்டர் என்கிற 25 மி.மீ. பீரங்கியாக இருக்கும். சுடுகிறவர் உள்ளே திரை முன்னால் உட்கார்ந்திருப்பார். கப்பலின் ஆட்டத்தை ஜைரோ என்கிற சுழல் கருவி வாங்கிக்கொள்ளும்.

எங்கள் காலத்தில் கடலோரக் காவல் கப்பலில் 40 மி.மீ. போஃபர்ஸ்தான். நான்கு நான்கு குண்டாகக் கிளிப்பில் கோத்து மேலிருந்து கையால் திணிக்க வேண்டும். தூத்துக்குடிக்கு வெளியே ஒரு பயிற்சியில், இழுத்துக்கொண்டு போன மிதவையைச் சுட்டோம். கச்சான் காற்று, நல்ல அலை. மிதவை தெரியும், மறையும், மறுபடி தெரியும். குண்டு விழுந்து தண்ணீர் எழும்பும்போது மிதவை அடுத்த பள்ளத்தில் இருக்கும். அன்றைக்கு அது முழுசாகவே கரை சேர்ந்தது. அதிகாரி எதுவும் சொல்லவில்லை, மிதவையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அளவை அல்ல, கப்பல் ஆடினாலும் குழல் குறியிலேயே நிற்கிறதா என்கிற நிலைநிறுத்தத்தை. அதற்குப் பிறகுதான் அளவு. 40 நாட் வேகத்தில் வரும் படகு நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் கடக்கும். 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி 1,800 மீட்டர் வரை பயன்படும் என்று வைத்தாலும் கையில் இருப்பது ஒன்றரை நிமிடம். நம் ரோந்துக் கப்பல்களில் உள்ள 30 மி.மீ. சி.ஆர்.என். 91, பி.எம்.பி. 2 கவச வண்டியில் இருக்கும் அதே துப்பாக்கிதான். அது 12.7 எட்டும் தூரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு எட்டும். 57 மி.மீ. நிமிடத்துக்கு 220 குண்டு சுடும். அதன் 3பி குண்டைப் படகின் தலைக்கு மேலேயே வெடிக்க வைக்கலாம், நேரடியாகப் பட வேண்டியதில்லை. 76 மி.மீ. குண்டு ஒன்று 6 கிலோ, நிமிடத்துக்கு 120. ஒரு படகுக்கு அது போதும் போதும். பத்துப் படகு நாலு பக்கமும் வந்தால் முன்தளத்தில் இருக்கும் ஒற்றைப் பீரங்கி எத்தனை பக்கம் திரும்பும்? என்னைக் கேட்டால் முன்னால் ஒரு 57, பக்கத்துக்கு ஒன்றாக 30. 12.7 கடைசிக் கைதான்.

வள்ளியூர் மாலுமி:
கன்னர் ஐயா சொல்வது கணக்குக்குச் சரி. ஆனால் 2000 அக்டோபர் 12 அன்று ஏடன் துறைமுகத்தில் யு.எஸ்.எஸ். கோல் கப்பலில் 127 மி.மீ. பீரங்கி இருந்தது, தானாகவே குறிபார்த்துச் சுடும் ஃபேலங்ஸ் துப்பாக்கியும் இருந்தது. எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்த கப்பலை ஒரு சிறிய படகு ஒட்டி வந்து வெடித்தது. 17 மாலுமிகள் இறந்தார்கள். 57 இருந்திருந்தால் மட்டும் என்ன செய்திருக்கும்?

நான் வணிகக் கப்பலில் போனவன். ஏடன் வளைகுடாவில் ஒரு ஸ்கிஃப், சிறிய விசைப்படகு, எங்களை நோக்கி நேராக வந்தது. பாதுகாவலர்கள் எச்சரிக்கை வெளிச்சம் விட்டார்கள். கடற்கொள்ளையர் கப்பலில் ஏறக் கொண்டுவரும் ஏணி படகில் இருக்கிறதா என்று நான் தொலைநோக்கியில் தேடிக்கொண்டிருந்தேன். அதில் இருந்த ஒருவர் எழுந்து நின்று ஒரு பெரிய சூரை மீனை வாலைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் நின்ற பாதுகாவலர் துப்பாக்கி விசையிலிருந்து விரலை எடுத்தார்.

கூட்டப்புளி:
எங்களையும் ஒருமுறை காவல் கப்பல் நிறுத்திச் சோதித்தது, விட்டுவிட்டார்கள். மீனவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். போர்க்கப்பலைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள். அதன் முன்னால் குறுக்கே போகாதீர்கள். சாமான்களைத் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். வலையும் ஐஸ் பெட்டியும் வெளியே தெரியட்டும். வி.எச்.எஃப். ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலைத் திறந்தே வையுங்கள். கைகளை மேலே காட்டுங்கள். இரவில் விளக்கில்லாமல் போகாதீர்கள். ரேடாரில் தெரிகிற மாதிரி உயரத்தில் ஒரு தகடு கட்டுங்கள். எஞ்சின் பழுதானாலும் எழுந்து ஓடாமல் உட்கார்ந்த இடத்தில் இருங்கள். இதையெல்லாம் செய்தால் யாரும் சுடமாட்டார்கள்.

உவரிக்காரன்:
தம்பி, யாரும் சுடமாட்டார்களா? 2012 ஜூலை 16, துபாயின் ஜெபல் அலி துறைமுகப் பக்கம். அமெரிக்கக் கடற்படையின் எண்ணெய்க் கப்பல் ஒரு மீன்பிடிப் படகைச் சுட்டது. ஒருவர் செத்தார், மூன்று பேருக்குக் காயம். நம் ராமநாதபுரத்துப் பிள்ளைகள். முன்னெச்சரிக்கை எதுவும் வரவில்லை என்றுதான் பிழைத்தவர்கள் சொன்னார்கள். எந்தத் தகட்டை எங்கே கட்டியிருக்க வேண்டும்?

கன்னர் அண்ணாச்சியிடமும் ஒன்று கேட்கிறேன். 4 கிலோமீட்டரில் எங்கள் லாஞ்சும் தற்கொலைப் படகும் திரையில் ஒரே புள்ளிதான். அவ்வளவு தூரம் எட்டும் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் அவ்வளவு தூரத்திலேயே சுடத் தோன்றாதா?

பழைய கன்னர், பாளையங்கோட்டை:
ஜெபல் அலியில் சுட்டது 12.7, அண்ணாச்சி. எட்டும் தூரம் குறைந்தவனுக்குத்தான் பதற்றம் அதிகம். 30 மி.மீ. வைத்திருப்பவன் 3 கிலோமீட்டரிலேயே முன்னால் தண்ணீரில் இரண்டு குண்டு போட்டுப் பார்ப்பான். மீனவன் திரும்பிவிடுவான், மற்றவன் வருவான். 12.7 வைத்திருப்பவனுக்கு அந்த அவகாசமே கிடையாது. எடுத்த எடுப்பில் ஆளைத்தான் சுட வேண்டியிருக்கிறது.

உவரிக்காரன்:
தண்ணீரில் விழுகிற குண்டு எச்சரிக்கையா, குறி தவறியதா என்று லாஞ்சில் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் முழு வேகத்தில்தான் ஓடுவோம். எந்தப் பக்கம் ஓடுவோம் என்று எங்களுக்கே தெரியாது.

வள்ளியூர் மாலுமி:
மீனைத் தூக்கிக் காட்டுங்கள்.

உவரிக்காரன்:
அன்றைக்குக் கூடு காலி.