அவன் பெயரை யாருமே கேட்கவில்லை: 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' பாடம் நடத்திய அனுபவங்கள்

கிழக்கு லண்டனிலிருந்து:

நாவல் பாடம் நடத்தும்போது வகுப்பில் நடந்த, மறக்கவே முடியாத ஒன்றை எழுதச் சொல்லியிருந்தீர்கள். என்னுடையது கொஞ்சம் நீளம். இரண்டு மூன்று தடவை எழுதி அழித்துவிட்டு இப்போதுதான் முழுசாக எழுதுகிறேன்.

நான் இங்கே ஓர் அரசுப் பள்ளியில் பதினோரு வருடமாக ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். பதினாறு வயதில் பிள்ளைகள் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத் தேர்வுக்கு எங்கள் பள்ளி எடுத்திருக்கும் நாவல் வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்'. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: வெளியே அணுகுண்டுப் போர் நடக்கிறது, பையன்களை ஏற்றிக்கொண்டு போன விமானம் ஆளில்லாத தீவில் விழுகிறது, பெரியவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை. பையன்கள் ஒரு தலைவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சங்கு யார் கையில் இருக்கிறதோ அவன்தான் பேசலாம் என்று விதி வைக்கிறார்கள், கடைசியில் ஒருவனை ஒருவன் வேட்டையாடுகிறார்கள். 1954இல் வெளிவந்தது. எழுதியவர் பள்ளி ஆசிரியர், இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். பையன்களையும் பார்த்தவர், போரையும் பார்த்தவர்.

ஆரம்ப வருடங்களில் நான் இதை அட்டவணை போட்டுத்தான் நடத்தினேன். பையன்கள் தேர்ந்தெடுத்த தலைவன் ரால்ஃப் என்றால் ஜனநாயகம், அவனை எதிர்த்து வேட்டைக் கூட்டம் சேர்க்கும் ஜாக் என்றால் சர்வாதிகாரம், சங்கு என்றால் சட்டம், தீ மூட்ட உதவும் மூக்குக்கண்ணாடி என்றால் அறிவியல். பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள், மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "சைமன் என்பது ஆன்மிகத்தின் குறியீடு" என்று எழுதி மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகும்போது ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. அங்கே ஒரு பையனை எல்லோரும் சேர்ந்து அடித்துக் கொன்றிருக்கிறார்கள், அவ்வளவுதான் நடந்தது, அதை என் அட்டவணை மறைத்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் எனக்கு ஓர் இயர் டென் வகுப்பு, பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைகள், இருபத்தெட்டுப் பேர். வங்காளிப் பிள்ளைகள், சோமாலிப் பிள்ளைகள், நம் ஆட்கள் நாலைந்து பேர், தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கமே வாழ்ந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள். முதல் அத்தியாயத்தை வாய்விட்டுப் படிக்க வைத்தேன். பிக்கி, அதாவது பன்றிக்குட்டி, என்ற பட்டப்பெயரால் மட்டுமே அழைக்கப்படும், கண்ணாடி போட்ட குண்டுப் பையன் பாத்திரத்தின் வசனங்களை ஒரு பையனுக்குக் கொடுத்தேன், ஏனென்றால் அவன்தான் வகுப்பிலேயே அழகாகப் படிப்பவன். கொஞ்சம் குண்டான பையன், கண்ணாடி போட்டவன். எனக்கு அது உறைக்கவே இல்லை. அவன் ரொம்ப நன்றாகப் படித்தான். பிக்கி பேசும் ஆங்கிலம் மற்றப் பையன்களுடையது மாதிரி இல்லை, இலக்கணம் பிசகிய சாதாரண வீட்டுப் பேச்சு, "மிஸ், இவன் ஒருத்தன்தான் எங்களை மாதிரிப் பேசுறான்" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள். நான் பூரித்துப்போனேன்.

மூன்று வாரம் கழித்து அவனுடைய பக்கத்து இருக்கைப் பையன் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தான். வாய்விட்டுப் படித்த அந்த வெள்ளிக்கிழமையிலிருந்தே தாழ்வாரத்தில், சாப்பாட்டு வரிசையில், விளையாட்டு மைதானத்தில் எல்லா இடத்திலும் அவனைப் பிக்கி என்றுதான் கூப்பிடுகிறார்களாம். வேறு வகுப்புப் பிள்ளைகள்கூட. நாவலில் நடப்பதும் இதேதான் என்பதுதான் என் வயிற்றைப் பிசைந்தது. பள்ளியில் என்னை அந்தப் பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், இங்கே யாரிடமும் சொல்லிவிடாதே என்று நம்பிச் சொன்ன பிக்கியை, கொஞ்ச நேரத்துக்குள் ரால்ஃப் எல்லோர் முன்னாலும் காட்டிக்கொடுத்துவிடுவான். தீவே சிரிக்கும். இங்கே காட்டிக்கொடுத்தது நான்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். வகுப்பில் இதைப் பற்றிப் பேசட்டுமா என்றேன். வேண்டாம் மிஸ், பேசினால் இன்னும் அதிகமாகும் என்றான். அவன் சொன்னது சரி. அதனால் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாள் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தேன்: இந்த நாவலில் பிக்கியின் உண்மையான பெயரை யாராவது ஒருவர் கேட்கிற இடத்தைக் கண்டுபிடியுங்கள், புத்தகம் முழுக்கத் தேடலாம்.

இருபது நிமிடம் தாள் புரளும் சத்தம் மட்டும். ஓர் இடம்கூட இல்லை. அப்புறம் ஒருத்தி கையைத் தூக்கிச் சொன்னாள், மிஸ், முதல் அத்தியாயத்தில் எல்லோருடைய பெயரையும் கேட்டுக் கேட்டு ஞாபகம் வைக்கப் பார்ப்பதே இவன்தானே என்று. அதற்குள் பல வருடம் நடத்தியிருந்த நான் அதை அப்படி இணைத்துப் பார்த்ததே இல்லை. அதன்பிறகு அந்த நூலே எனக்கு வேறாகிவிட்டது. ஜாக் வந்த புதிதில், முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுவது சின்னப் பிள்ளைகளுக்கு, நான் மெரிடியூ என்பான், கடைசியில் அவனுக்குப் பெயரே கிடையாது, வெறும் தலைவன். இரட்டையர் சாம், எரிக் இருவர் பெயரும் ஒட்டிக்கொண்டு ஒரே பெயராகிவிடுகிறது. முகத்தில் பிறவி மச்சம் உள்ள ஒரு சின்னப் பையன் முதல் தீயிலேயே காணாமல் போகிறான், அவன் பெயர் யாருக்கும் தெரியாது, எத்தனை பேர் இருந்தார்கள் என்றே யாரும் எண்ணவில்லை. நாகரிகம் எங்கே உடைகிறது என்று கேட்டால் நான் இப்போது சங்கு உடையும் இடத்தைக் காட்டுவதில்லை.

இது போல வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

சென்னையிலிருந்து:

மேடம், படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நான் இங்கே கேம்பிரிட்ஜ் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் இந்த நாவலை நடத்தியிருக்கிறேன். எனக்கு இரண்டு அனுபவம்.

முதலாவது சின்னது. பிக்கிக்குக் கிட்டப்பார்வை, அப்படியானால் அவன் கண்ணாடி குழிலென்சு, அதை வைத்து வெயிலில் தீ மூட்டவே முடியாது என்று பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்றுவிட்டான். சரியான கேள்வி, கோல்டிங் சறுக்கிய இடம் அது. அடிப்படையே தப்பு, இந்தக் கதையை எதற்குப் படிக்க வேண்டும் என்று அவன் புத்தகத்தை மூடிவிட்டான். மதியம் எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்துப்போய் மைனஸ் பவர் கண்ணாடிகளைக் காகிதத்தின் மேல் பிடிக்கச் சொன்னேன். ஒளி குவியவில்லை, பரவித்தான் விழுந்தது. அப்புறம் மரநிழலில் உட்கார்ந்து, தீ வராத கண்ணாடிக்காக ஜாக் கூட்டம் இரவில் வந்து ஒரு பையனை அடித்துப் பிடுங்கிக்கொண்டு போனால் அந்த அடி பொய்யா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, அடி பொய்யில்லை சார் என்றான்.

இரண்டாவதுதான் நான் எழுத நினைத்தது. 'சாவேஜ்' என்ற சொல்லைத் தமிழில் காட்டுமிராண்டி என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். பிக்கி ஓரிடத்தில் ஜாக் கூட்டத்தை வண்ணம் பூசியவர்கள் என்று திட்டும்போது ஓர் இனவசைச் சொல்லைப் பயன்படுத்துவான், அமெரிக்கப் பதிப்பில் அது 'இந்தியர்கள்' என்று மாற்றப்பட்டது. இந்தத் தகவலைச் சொன்னதும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவன், எங்க ஊர் ஆளுங்களையும் வெள்ளைக்காரன் இப்படித்தான் எழுதி வச்சான் சார் என்றான். கைரேகைச் சட்டத்தைச் சொல்கிறான் என்று புரிந்தது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்த ஒரே காரணத்துக்காக ரேகை வைக்க வேண்டும், ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது, மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள்.

அவன் தன் பூட்டன் கதையைச் சொன்னபோது வகுப்பில் ஒரு சத்தமில்லை. அதனால் மேடம், பெயரைக் கேட்டு எழுதுவது மட்டுமே நாகரிகம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. அந்தப் போலீஸ் பதிவேட்டிலும் எல்லாப் பெயரும் ஒழுங்காகத்தான் இருந்தன. எதற்காகக் கேட்கிறார்கள் என்பதும் சேர்ந்துதானே இருக்கிறது. நாவலின் முடிவில் வருகிற கடற்படை அதிகாரி, ஆங்கிலேயப் பையன்கள் இதைவிட நன்றாக நடந்துகொண்டிருக்கலாமே என்று வருத்தப்படுவான். அவன் பின்னால் போர்க்கப்பல் நிற்கிறது. அந்தப் பத்தியை அந்த மாணவனையே படிக்கச் சொன்னேன்.

ஸ்கார்பரோவிலிருந்து:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், கனடாவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல். உயர்நிலைப் பள்ளியில் படிப்பிக்கிறேன். பெற்றோர் சந்திப்பில் எங்கட ஊர்த் தாய் ஒருவர் என்னைக் கேட்டதை மட்டும் சொல்கிறேன். "டீச்சர், நாங்கள் இதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தோம். மனிசர் இப்படித்தான் என்று அவளுக்கு நீங்களும் சொல்லிக்கொடுக்க வேணுமோ?"

எனக்குப் பதில் இருக்கவில்லை. அன்றிரவு நித்திரையும் வரவில்லை. அதன்பிறகு நான் இந்த நாவலைத் தனியே படிப்பிப்பதில்லை, டோங்கா பையன்களின் கதையையும் சேர்த்துத்தான். 1965இல் டோங்காவில் விடுதிப் பள்ளியொன்றிலிருந்து ஆறு பையன்கள் ஒரு படகை எடுத்துக்கொண்டு புறப்பட்டுப் புயலில் அகப்பட்டார்கள். எட்டு நாள் கடலில் அலைந்து ஆட்டா என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். பதினைந்து மாதம் அங்கேயே. 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியர்தான் கப்பலில் போகும்போது கண்டு மீட்டார். தீயை அணையவிடாமல் முறை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், தோட்டம் போட்டிருக்கிறார்கள், சண்டை வந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய்க் கோபம் ஆறின பிறகு திரும்ப வருவது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒருவன் விழுந்து காலை முறித்துக்கொண்டபோது தடி வைத்துக் கட்டி, அவன் பங்கு வேலையை மற்றவர்கள் செய்திருக்கிறார்கள். கால் நேராகப் பொருந்தியிருந்தது.

ஆனால் கோல்டிங் சொன்னது பிழை என்று காட்ட நான் இதைக் கொண்டுபோவதில்லை. அந்த ஆறு பேரும் முன்பே கூட்டாளிகள், தீவிலும் கடலிலும் வளர்ந்த பிள்ளைகள், முதல் நாளே ஒருவன் பெயரை மற்றவனுக்குத் தெரியும். இதை நான் இன்றைக்கு லண்டன் டீச்சர் எழுதியதைப் பார்த்த பிறகுதான் யோசிக்கிறேன். மானோ, சியோனே, ஸ்டீபன், கோலோ, டேவிட், லூக். என் வகுப்பில் இந்த ஆறு பெயரையும் பலகையில் எழுதிவிட்டுத்தான் தொடங்குவேன், ஏன் அப்படிச் செய்கிறேன் என்று இதுவரை எனக்கே விளங்கியிருக்கவில்லை.

டீச்சர், அந்தப் பையன் என்ன ஆனான்?

கிழக்கு லண்டனிலிருந்து, மறுபடியும்:

இரண்டு பேருக்கும் நன்றி. போலீஸ் பதிவேட்டைப் பற்றிச் சொன்னதை நான் அடுத்த வருடம் வகுப்பில் கட்டாயம் சொல்லப்போகிறேன். என் வாதத்தில் ஒரு பாதிதான் இருந்திருக்கிறது.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்டீர்கள். எல்லாம் நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. பெரும்பாலானவர்கள் நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேர் வருடக் கடைசி வரை நிறுத்தவே இல்லை, அதைப் பள்ளி விதிப்படிதான் கையாள வேண்டியிருந்தது, நாவலால் ஒன்றும் ஆகவில்லை.

ஒன்பதாம் அத்தியாயம் வந்தபோது பயந்துகொண்டேதான் நடத்தினேன். சைமனைக் கொல்லும் வட்டத்தில் ரால்ஃபும் பிக்கியும்கூட இருந்தார்கள் என்பதை எந்த வருடமும் பிள்ளைகள் தவறவிடுவார்கள், நல்லவர்கள் அங்கே இருந்திருக்க மாட்டார்கள் என்று மனசு தானாகவே நம்பிக்கொள்ளும். அடுத்த நாள் காலை பிக்கி, நாம் வட்டத்துக்கு வெளியேதான் நின்றோம், எதையும் பார்க்கவில்லை என்று சொல்வான். அந்த இடத்தில் அந்த வருடம் வாய்விட்டுப் படிக்க யாரையும் கூப்பிடவில்லை, நானே படித்தேன். படித்து முடித்ததும் அந்தப் பையன்தான் கையைத் தூக்கினான். "மிஸ், இவனும் பொய் சொல்றான். பாவம்னு நினைச்சுக்கிட்டே இருந்தோம், இவனும் அங்கேதான் இருந்திருக்கான்." எல்லோரும் பரிந்து பேசிக்கொண்டிருந்த பாத்திரத்தை அவனே சலுகை காட்டாமல் பார்த்தான். தாழ்வாரத்தில் அவனைக் கூப்பிட்டவர்களில் ஒருத்தி குனிந்துகொண்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நாவலின் கடைசிப் பக்கத்தில், முன்பெல்லாம் தன் பெயர், விலாசம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒப்பித்த பெர்சிவல் என்ற சின்னப் பையன் அதிகாரி முன்னால் வந்து நின்று, பெயர் சொல்ல வாயெடுத்து, ஞாபகம் வராமல் நின்றுவிடுவான். இறந்துபோன பிக்கியை நினைத்து ரால்ஃப் அழும்போதும் அந்தப் பட்டப்பெயரைத் தவிர அவனுக்கு வேறு பெயர் தெரியாது.

மாதிரித் தேர்வுக்குப் பிக்கி பாத்திரத்தைப் பற்றித்தான் கேள்வி வந்தது. அந்தப் பையன் மூன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். ஓரிடத்தில்கூட அந்தப் பெயர் இல்லை. "கண்ணாடி போட்டிருந்த பையன்", "பெயர்களைச் சேகரித்தவன்", "ரால்ஃபின் நண்பன்", இப்படியே கடைசி வரி வரை. விடைத்தாளை இரண்டாவதாகத் திருத்திய சக ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால், யாரைச் சொல்கிறான், பாத்திரத்தின் பெயரே தெரியாதா என்று எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தார். நான் விடைத்தாளை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன், தேநீர் இடைவேளை முழுக்க முதலிலிருந்து சொன்னேன். அவர் ரப்பரை எடுத்து எழுதியதை அழித்துவிட்டு, அந்தப் பையன் யார், வகுப்பில் எங்கே உட்காருவான் என்று கேட்டார்.