லேப்ராஸ்கோப்பி பக்கம் போகலாமா? அனுபவமுள்ள கால்நடை மருத்துவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஆறு வருடமாக நாய், பூனைகளுக்கு வயிற்றைத் திறந்து செய்யும் வழக்கமான அறுவை சிகிச்சைதான் செய்துவருகிறேன்; இப்போது சின்னத் துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டு, திரையைப் பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்கு மாறலாமா என்று யோசனை.

மூன்று மாதமாகப் பயிற்சிப் பெட்டியில் தையல் பழகுகிறேன். கை இடப்பக்கம் போனால் கருவியின் முனை வலப்பக்கம் போகிறதே, அது ஒருவழியாகப் பழகிவிட்டது, ஆனால் திரையில் ஆழம் தெரியாமல் ஊசியைத் தேடுவது இன்னும் தலைவலிதான். முதலில் பெட்டை நாய்களுக்குச் சினைப்பையை மட்டும் எடுக்கும் கருத்தடை, அது கைவந்தபின் இரைப்பை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அதை வயிற்றுச் சுவரோடு தைப்பது, மூட்டு வேலையெல்லாம் அப்புறம் என்று வரிசை வைத்திருக்கிறேன். சரிதானா?

வயிற்றுக்குள் வாயு நிரப்பி இடம் உண்டாக்கும் வெரஸ் ஊசியைக் குருட்டாம்போக்கில் உள்ளே விட எனக்குப் பயம், மண்ணீரலில் பட்டுவிட்டால்? அதனால் சின்னதாக வெட்டி, முதல் போர்ட்டை (கருவிகள் நுழையும் குழாயை) கண்ணால் பார்த்தே வைக்கப் போகிறேன். பூனைக்கு வாயு அழுத்தம் எவ்வளவு வைக்கிறீர்கள், 8 மி.மீ. பாதரசத்துக்குள் இடம் போதுகிறதா? ஆரம்பத்துக்கு 5 மி.மீ., 30 டிகிரி சாய்வாகப் பார்க்கும் ஸ்கோப் (கேமராக் குழாய்) ஒன்று போதுமா? எத்தனை கேஸுக்குப் பிறகு பக்கத்தில் ஆளில்லாமல் தனியாகச் செய்யத் துணிந்தீர்கள், பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்த கதை இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.