வேட்டை இன நாய், வீட்டில் பூனை, இரண்டு பிள்ளைகள்: எது ஒத்துவரும்?

மாடிவீடு:
அடுக்குமாடிக் குடியிருப்பு. பிள்ளைகளுக்கு 5, 8 வயது. வளர்ந்த பூனை ஒன்றும் உண்டு. பீகிள், ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர், கிரேஹவுண்ட், லாப்ரடார் இந்த நான்கில் ஒன்றை எடுக்கலாமா என்று யோசிக்கிறோம். காலை மாலை சேர்த்து ஒன்றரை மணி நேரம் வெளியே கூட்டிப்போக முடியும். பகலில் 4 மணி நேரம் வீட்டில் ஆள் இருக்காது. வேட்டை நாய் குழந்தைகளைக் கடிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். எவ்வளவு தூரம் உண்மை?

மோப்பச்சுவடு:
இரையைத் துரத்துவது வேறு, மனிதரிடம் சீறுவது வேறு. ஒன்று கூடுதலாக இருந்தால் மற்றதும் இருக்கும் என்று அர்த்தமில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது, அந்த இனத்தை வேட்டையின் எந்த வேலைக்காக உருவாக்கினார்கள் என்பதை. தேடுவது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என வேட்டையில் பல படிகள். ஒவ்வோர் இனத்திலும் சிலவற்றைக் கூர்தீட்டி, சிலவற்றை மழுங்கடித்திருக்கிறார்கள். வீட்டில் என்ன சிக்கல் வரும் என்பதை அதிலிருந்தே ஊகித்துவிடலாம்.

பீகிளின் வேலை, முயலின் வாசனையைப் பிடித்துக் கூட்டமாகக் குரல் கொடுத்துக்கொண்டே ஓடுவது. 9 முதல் 11 கிலோதான், பிள்ளைகளோடு நன்றாகவே ஒட்டிக்கொள்ளும். ஆனால் கூட்டத்தில் வாழப் பழகிய இனம். தனியே விட்டால் ஊளையிடும், அது சுவர் தாண்டிக் கேட்கும். மூக்கு தரையில் பதிந்துவிட்டால் கூப்பிடும் குரல் காதில் ஏறாது, ஆகவே வேலியில்லாத இடத்தில் அவிழ்த்துவிடவே கூடாது.

பாயின்டர் நாள் முழுக்க வயல்வெளியில் ஓடித் தேடுவதற்கானது. வளர்ந்த நாய்க்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும், அதிலும் பாதி ஓட்டமாக இருக்க வேண்டும். வார் பிடித்து ஒன்றரை மணி நேரம் நடந்தால் அதற்கு உடல் சூடேறும், அவ்வளவுதான். மிச்சச் சக்தி கதவிலும் சோபாவிலும் இறங்கும். நல்ல நாய்தான், உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

கிரேஹவுண்ட் பலரை ஆச்சரியப்படுத்தும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், வீட்டில் பெரும்பொழுது தூங்கும், குரைப்பதும் குறைவு. சிக்கல் உங்கள் பூனைதான். கண்ணெதிரே ஓடும் சின்ன உருவத்தைத் துரத்திப் பிடிப்பதே இதன் தொழில்.

லாப்ரடார் விழுந்த பறவையை நசுக்காமல் கவ்விக் கொண்டுவர வேண்டியது. கொல்வது என்ற படி மழுங்கியிருக்கும், கவ்வுவது என்ற படி ஓங்கியிருக்கும். முதல் இரண்டு வருடம் செருப்பும் பொம்மையும் அதன் வாயில்தான். நான்கில் நான் சொல்வது இதைத்தான். ஒரு நிபந்தனை: குட்டியின் தாய் தந்தை களத்தில் வேலை செய்த வரிசையா, கண்காட்சி வரிசையா என்று கேளுங்கள். களவரிசை லாப்ரடாரின் துடிப்பு பாயின்டரைத் தொட்டுவிடும்.

நீளக்காது:
மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று: லாப்ரடாரின் பசி. ஏறக்குறைய நான்கு லாப்ரடாரில் ஒன்றுக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு குறைவு என்று 2016-ல் கண்டறிந்தார்கள். அந்த நாய்க்கு வயிறு நிறைந்த உணர்வு சரியாக வராது. அதன் கண்ணைப் பார்த்துச் சோறு வைக்காதீர்கள், தராசில் நிறுத்து வையுங்கள். பயிற்சிக்குத் தரும் தின்பண்டத்தையும் அந்தக் கணக்கிலேயே கழியுங்கள். விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல், விரலால் தடவினால் தட்டுப்பட வேண்டும். கிரேஹவுண்டுக்கு மட்டும் கடைசி ஓரிரு விலா கண்ணுக்குத் தெரிவது இயல்பு.

பீகிள் எடுத்தால் தொங்கு காதுக்கு வாரம் ஒருமுறை வேலை உண்டு. காது கழுவும் திரவத்தைத் துவாரம் நிறைய ஊற்றி, காதின் அடியை அரை நிமிடம் பிசையுங்கள். நாய் தலையை உதறட்டும். பிறகு பஞ்சால் கண்ணுக்குத் தெரியும் இடத்தை மட்டும் துடையுங்கள். குச்சிப்பஞ்சு அழுக்கை உள்ளே தள்ளும். நாற்றமோ சிவப்போ இருந்தால் கழுவாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், செவிப்பறை கிழிந்திருந்தால் திரவம் உள்ளே போய்விடும்.

ஆழ்ந்த மார்புள்ள பாயின்டர், கிரேஹவுண்ட் போன்றவற்றுக்கு இரைப்பை காற்றில் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட்டம் வேண்டாம். வயிறு உப்பி, ஓங்கரித்தும் எதுவும் வெளிவராமல் தவித்தால் அது அவசரம். காலை வரை காத்திருந்தால் நாய் பிழைக்காது.

மாடிவீடு:
நன்றி. லாப்ரடார் என்றே வைத்துக்கொள்வோம். பூனைக்கு எப்படி அறிமுகம் செய்வது?

மோப்பச்சுவடு:
முதல் சில நாட்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். படுக்கைத் துணிகளை மாற்றிப் போட்டு வாசனை பழகட்டும். மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு வையுங்கள். அடுத்து தடுப்புக் கதவு, நாய்க்கு வார், நடுவே 3 மீட்டர் இடைவெளி. நாய் பூனையைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பும் அந்த நொடியில் தின்பண்டம். வாயை மூடி, உடல் விறைத்து, இமைக்காமல் பார்த்து, தின்பண்டத்தையும் கண்டுகொள்ளாவிட்டால் மிக நெருங்கிவிட்டீர்கள். திட்டாமல் தள்ளிக் கூட்டிப்போங்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும்.

பூனை ஏறித் தப்ப உயரமான பலகை ஒவ்வோர் அறையிலும் இருக்கட்டும். பூனை ஓடினால்தான் துரத்தல் பிறக்கிறது. நாய் பலமுறை துரத்தி ருசி கண்ட பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. பூனையின் கழிவுத் தட்டு நாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும், கிடைத்தால் தின்னும். ஆளில்லாத அந்த 4 மணி நேரமும் இரண்டும் தனித்தனி அறையில்தான்.

நீளக்காது:
பிள்ளைகளுக்கு மூன்றே விதி: சாப்பிடும்போது தொடாதே, தூங்கும்போது எழுப்பாதே, வாயில் இருப்பதைப் பிடுங்காதே. பிடுங்கினால் லாப்ரடார் விழுங்கிவிடும், அல்லது காத்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளும். பெரியவர் ஒருவர் அதைவிட நல்ல பண்டத்தைக் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். நாய் முகத்தைத் திருப்புவது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாமே ‘போதும்’ என்று அது சொல்வது. அப்போதே பிள்ளையை விலக்குங்கள். உறுமினால் அடிக்காதீர்கள், அடித்தால் அடுத்த முறை உறுமாமலேயே கடிக்கும்.