ரூபன் நெவெஸை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தங்கச்சட்டை (வுல்வர்ஹாம்ப்டன்)

போன வாரம் வீடு மாற்றும்போது பழைய கோட்டுப் பையில் ஒரு டிக்கெட் அகப்பட்டது. 2018 ஏப்ரல் 11, புதன்கிழமை, மொலினூ மைதானம், எங்கள் ஊர்க் கால்பந்து அணி வுல்வ்ஸும் டார்பி கவுண்டியும். பெட்டி கட்டுவதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று வுல்வ்ஸுக்கு ஆடிய போர்ச்சுகல் வீரர் ரூபன் நெவெஸை மைதானத்தில் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். எங்கே பார்த்தீர்கள், மனதில் என்ன நின்றது என்று எழுதுங்கள்.

முதலில் என் கதை. அப்போது நான் இந்த ஊருக்கு வந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கிடங்கில் இரவு ஷிப்ட். கூட வேலை பார்த்த பஞ்சாபிக்காரர் ஒருவர், அவருடைய அண்ணனால் வர முடியாமல் போனதால், அந்த டிக்கெட்டில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ரிங் ரோட்டுக்குக் கீழே சுரங்கப்பாதையில் நடந்து வெளியே வந்தால் எதிரே மொலினூ. பார்த்த பக்கமெல்லாம் தங்கநிறச் சட்டை. நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். கால்பந்தில் கோல் விழுந்தால் தெரியும், அவ்வளவுதான்.

அவர் எட்டாம் நம்பர் சட்டையைக் காட்டி, "இவனை மட்டும் பார், மற்றதெல்லாம் தானாகப் புரியும்" என்றார். 17 வயதில் போர்ச்சுகலின் போர்டோ அணிக்கு ஆடிய முதல் லீக் ஆட்டத்திலேயே கோல் போட்டவன், 18 வயதில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் அதே அணிக்குக் கேப்டனாக இறங்கியவன், அந்த வயதில் அதற்கு முன்னால் யாருமே அப்படி இறங்கியதில்லை என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அப்படிப்பட்டவர் ஏன் இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனுக்கு வந்தார் என்று கேட்டேன். போர்டோவில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்த நூனோ எஸ்பிரிட்டோ சான்டோ 2017 கோடையில் வுல்வ்ஸ் பொறுப்புக்கு வந்தாராம், நெவெஸும் அதே கோடையில் வந்து சேர்ந்தாராம். சுமார் 1.6 கோடி பவுண்டு. அந்த டிவிஷனில் அதுவரை யாரும் கொடுக்காத விலை.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் வுல்வ்ஸுக்கு ஒரு கார்னர். டார்பிக்காரர்கள் பந்தைத் தட்டி வெளியே அனுப்பினார்கள். அது உயரமாக வந்து, கோலிலிருந்து ஒரு 35 கெஜம் தள்ளி நின்ற நெவெஸிடம் இறங்கியது. முதல் தொடுதலில் பந்தை லேசாக மேலே எழுப்பினார். அது கீழே வருவதற்குள் உடம்பைச் சாய்த்து, தரையைத் தொடவிடாமல் உதைத்தார். பந்து எல்லோர் தலைக்கும் மேலே போய், வளைந்து, கடைசியில் சட்டென்று இறங்கி வலையின் மேல்மூலையில் சொருகியது. பஞ்சாபிக்காரர் கையில் இருந்த டீ முழுவதும் என் சட்டைக்கையில். அந்த ஈரத்தோடுதான் அன்றைய ஷிப்டை முடித்தேன். துவைத்தும் கறை போகவில்லை.

அந்த சீசனில் அவர் லீக்கில் போட்டது 6 கோல். ஆறும் பெனால்டி பாக்ஸுக்கு வெளியிலிருந்து. 99 புள்ளிகளோடு வுல்வ்ஸ் பட்டம் வென்று முதல் டிவிஷனான பிரீமியர் லீக்குக்கு ஏறியது.

சரி, இனி நீங்கள் சொல்லுங்கள்.


கறுப்புத்தேநீர் (கோவென்ட்ரி)

அண்ணா, நான் பார்த்தது அதற்கு அடுத்த ஆகஸ்ட். பிரீமியர் லீக்குக்குத் திரும்பிய வுல்வ்ஸின் முதல் ஆட்டம், எவர்ட்டனுக்கு எதிராக. ஃப்ரீ கிக்கில் நெவெஸ் கோல் போட்டார். 2-2 என்று முடிந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பந்து சுவரைத் தாண்டியதுகூடச் சரியாகத் தெரியவில்லை, வலை ஆடியதுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த முதியவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகும் உட்காரவே இல்லை. பின்னால் இருந்தவர்கள் யாரும் அவரை உட்காரச் சொல்லவும் இல்லை.


ஈரடி (லண்டன்)

எல்லோரும் புகழும் இடத்தில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நானும் அவரை நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். பாஸ் கொடுப்பதில் அவரைப் போல் ஒருவர் அன்றைய பிரீமியர் லீக்கில் அபூர்வம். பார்சிலோனாவுக்குப் போகிறார் என்று எவ்வளவு பேச்சு அடிபட்டது! கடைசியில் 2023-இல், 26 வயதில், சவூதியின் அல் ஹிலால் அணிக்குப் போய்விட்டார். 30 தாண்டியவர்கள் போவது வேறு. இவருக்கு ஐரோப்பாவில் நல்ல பத்து வருடம் மிச்சம் இருந்தது. எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.


மணற்காற்று (ரியாத்)

ஈரடி அண்ணா, கோபப்படாமல் கேளுங்கள். நான் இங்கே வந்து பதினோரு வருடம். ஏ.சி. பழுது பார்க்கும் வேலை. நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோதும் சொந்தக்காரர்கள் இதைத்தான் சொன்னார்கள்: படித்த படிப்புக்கு இங்கேயே நல்ல வேலை கிடைக்குமே, அங்கே போய் என்ன செய்யப் போகிறாய் என்று. வீட்டுக் கணக்கு என்னவென்று வீட்டில் இருப்பவனுக்குத்தான் தெரியும். 5.5 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டவரோடு என்னை ஒப்பிடவில்லை. ஒருவன் எங்கே போனான் என்பதை வைத்தே அவனை எடைபோட்டுவிடுகிறோமே, போன இடத்தில் எப்படி வேலை செய்கிறான் என்று யாராவது பார்த்தோமா? அதைத்தான் கேட்கிறேன்.

நான் பார்த்தேன். ஹிலாலின் மைதானமான கிங்டம் அரீனாவை 2024 ஜனவரியில் திறந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள், அறையில் கூட இருந்த மலையாளி நண்பரோடு போனேன். கூரை போட்ட மைதானம், உள்ளே குளிர். எங்கள் சீட் மேல்தட்டில். டி.வி.யில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். மேலிருந்து பார்த்தால்தான் நெவெஸ் என்ன செய்கிறார் என்று தெரிகிறது. பந்து அவரிடம் வருவதற்கு முன்பே ஒரு முறை இடது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறார், அப்புறம் வலது தோள், மறுபடி இடது. நண்பர் எண்ண ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு பாஸுக்கும் முன்னால் மூன்று, நான்கு தடவை. பந்து காலுக்கு வந்த பிறகு நிமிர்ந்து பார்க்கவே தேவையில்லை. நடுக்களத்தில் வலப்பக்கம் நின்றபடியே, அந்தக் கோடியில் சலீம் அல் தவ்சரி ஓடுகிற தடத்துக்குப் பந்தை மிதக்கவிடுவார். சலீம் ஒரு எட்டுகூடக் குறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. அன்று அல் ஹிலால் நன்றாக முன்னிலையில் இருந்தது. கடைசி நிமிடங்களில் எதிரணிக்காரர் ஒருவர் பந்தோடு தனியாக ஓடினார். அந்தக் கோல் விழுந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. நெவெஸ் மறுபக்கத்திலிருந்து ஓடிவந்து, சறுக்கி, பந்தை வெளியே தள்ளிவிட்டார். எழுந்தவர் பின்வரிசை ஆட்களைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிச் சத்தம் போட்டார். பணத்துக்காக மட்டும் வந்தவர் அப்படி ஓடமாட்டார்.

அந்த சீசன் ஹிலால் லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 34 ஆட்டத்தில் 31 வெற்றி, 3 டிரா. எல்லாப் போட்டிகளையும் சேர்த்துத் தொடர்ச்சியாக 34 வெற்றி என்று உலக சாதனையும் வந்தது. ரொனால்டோ இருந்த அல் நஸ்ர் இரண்டாம் இடம். ஊரே நீலம்.


ஈரடி (லண்டன்)

தம்பி, கோபம் எதுவும் இல்லை. வெளிநாட்டில் நிற்கிற நானே அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன். அந்தத் தோள் விஷயத்தைப் படித்ததும் பழைய வுல்வ்ஸ் ஆட்டம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், அங்கேயும் அதையேதான் செய்கிறார். இத்தனை வருடம் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.


ஆரஞ்சுத்தோட்டம் (ஓர்லாண்டோ)

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் நெவெஸை ஐந்து நாளுக்குள் இரண்டு முறை பார்த்தேன். இரண்டும் ஒரே மைதானம். இரண்டிலும் பார்த்தது ஒரே மனிதரைத்தானா என்று இன்னமும் நினைப்பேன்.

முதலாவது 2025 ஜூன் 30, கிளப் உலகக் கோப்பையில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக. இரவு 9 மணிக்குத் தொடங்கி, கூடுதல் நேரம் வரை போய், நாங்கள் பார்க்கிங்குக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஹிலால் 4-3. சிட்டி பக்கம் பெர்னார்டோ சில்வா, ரூபன் டியாஸ் என்று நெவெஸின் நாட்டு ஆட்களே இருந்தார்கள். கடைசி விசில் ஊதியதும் ஹிலால் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். என் பன்னிரண்டு வயது மகன் அன்றிலிருந்து எட்டாம் நம்பர் சட்டை வேண்டும் என்று நச்சரிக்க ஆரம்பித்தான்.

ஜூலை 3 காலையில் அந்தச் செய்தி. போர்ச்சுகல் வீரர் டியோகோ ஜோட்டாவும் அவர் தம்பி ஆந்த்ரே சில்வாவும் ஸ்பெயினில் ஸமோராவுக்கு அருகே கார் விபத்தில் போய்விட்டார்கள். ஜோட்டாவுக்கு 28 வயது. கல்யாணம் ஆகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. போர்டோவில் 2016-17 சீசனில் நெவெஸும் ஜோட்டாவும் ஒன்றாக ஆடினார்கள். அப்புறம் ஒரே கோடையில் இருவரும் வுல்வ்ஸுக்கு வந்தார்கள்.

மறுநாள் பிற்பகல் 3 மணிக்கு பிரேசிலின் ஃப்ளுமினென்ஸே அணியோடு காலிறுதி. டிக்கெட் முன்பே வாங்கியிருந்தோம். போகலாமா என்று மகன் கேட்டான். போனோம். மௌன அஞ்சலிக்கு வீரர்கள் வரிசையாக நின்றார்கள். பெரிய திரையில் ஜோட்டாவின் படம். நெவெஸ் அழுதார். பக்கத்தில் ஹிலாலின் இன்னொரு போர்ச்சுகல் வீரர் கான்செலோவும். அப்படி ஒரு வெயில், ஆனால் யாரும் அசையவில்லை. மகன் என் விரலைப் பிடித்துக்கொண்டான். கை கோத்து நடக்க வெட்கப்படும் வயது அவனுக்கு.

அதற்குப் பிறகும் அவர் ஆடினார். 2-1 என்று ஹிலால் தோற்றது. ஆட்டம் முடிந்த கையோடு விமானம் ஏறி, மறுநாள் காலை போர்ச்சுகலில் கொண்டோமார் தேவாலயத்தில் ஜோட்டாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். கான்செலோவும் போயிருந்தார். வீட்டில் டி.வி.யில் அதைப் பார்த்தோம். முந்தைய நாள் எங்களுக்கு எதிரே, நூறு அடிக்குள் நின்றவர். ஒரு இரவுக்குள் கடலைத் தாண்டி, கறுப்பு உடையில், பெட்டியைச் சுமந்துகொண்டு.

என் அப்பா இறந்தபோது எனக்கு விமானம் கிடைக்க இரண்டு நாள் ஆனது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதற்கு மேல் எழுத வரவில்லை.


மணற்காற்று (ரியாத்)

சார், படித்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். சிட்டி ஆட்டத்தை நாங்கள் இங்கே விடிகாலை 4 மணிக்கு எழுந்து பார்த்தோம். முடியும்போது நன்றாக விடிந்திருந்தது. அப்படியே வேலைக்குப் போனேன். உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம்.


தங்கச்சட்டை (வுல்வர்ஹாம்ப்டன்)

எல்லோருக்கும் நன்றி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்.

அந்தச் செப்டம்பரிலிருந்து போர்ச்சுகல் அணியில் ஜோட்டாவின் 21-ஆம் நம்பரை நெவெஸ் அணிகிறார். 2025 அக்டோபர் 11, லிஸ்பனில் அயர்லாந்துக்கு எதிராக உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். நான் வீட்டில் லேப்டாப்பில் பார்த்தேன். கோலே விழவில்லை. ரொனால்டோவின் பெனால்டியையும் அயர்லாந்து கோல்கீப்பர் கெல்லஹர் தடுத்துவிட்டார். அவர் லிவர்பூலில் ஜோட்டாவோடு ஆடியவர். கூடுதல் நிமிடத்தில் வலப்பக்கமிருந்து டிரின்கௌ பந்தை உள்ளே போட்டார். பாக்ஸுக்குள் ஓடிவந்து தலையால் முட்டியவர் நெவெஸ். 1-0. நாட்டுக்காகப் பத்து வருடமாக வந்துபோய்க்கொண்டிருந்தவருக்கு அதுதான் முதல் கோல். வாழ்நாள் முழுக்கத் தூரத்திலிருந்து உதைத்தே பேர் வாங்கியவர், இதை வலைக்குப் பக்கத்திலிருந்து, தலையால் போட்டார்.

கோல் விழுந்ததும் பஞ்சாபிக்காரருக்குப் போன் அடித்தேன். இப்போது லெஸ்டரில் இருக்கிறார். எடுத்தவுடன், "டார்பி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா?" என்றார். எப்படி மறக்கும், உன் டீக்கறையைக்கூட மறக்கவில்லை என்றேன். "சரி, அன்றைக்கு முதல் கோல் போட்டது யார்?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று வரவில்லை. இத்தனை வருடமும் அந்த ராத்திரி என்றால் இரண்டாவது கோல் மட்டும்தான் என் கண்ணுக்குள் நின்றது. ஆட்டம் தொடங்கி ஆறாவது நிமிடம். போட்டவர் ஜோட்டா.