பணி ஓய்வுக்குப் பின் தன்னார்வப் பணி: எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: நங்கநல்லூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதத்துடன் 60 வயது நிறைந்து மாநில அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். அதன்பின் ஏதேனும் தன்னார்வப் பணியில் ஈடுபட விருப்பம். ஆனால், எங்கள் தெருவில் எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர்களைப் பார்க்கும்போது ஒரு குழப்பம் எழுகிறது. ஏறக்குறைய ஒரே வயதும் ஒரே ஓய்வூதியமும் உள்ள இருவரில் ஒருவர் கோயில் உழவாரப் பணிக்கு ஆண்டுக்கணக்கில் விடாமல் செல்கிறார். மற்றவரோ மாலை நேர இலவச வகுப்பில் பாடம் நடத்தச் சேர்ந்து, சில வாரங்களிலேயே விலகிவிட்டார். அவரவர் உயர்வாகக் கருதும் விழுமியங்கள்தாம் இதற்குக் காரணமா? அப்படியானால் எனக்குரியதை எப்படிக் கண்டறிவது?

பதில்: மயிலை ஆசிரியை

ஐயா, நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தருகிறேன். வெளியில் தெரியாத ஒரு சோதனை இப்பணியில் உண்டு. மாணவர் சொல்லும் விடை தவறு என்று நமக்குத் தெரிந்தாலும், சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். குரலிலோ பேனாவை நிறுத்தும் விதத்திலோகூடக் குறிப்புக் காட்டக் கூடாது. பிறரைக் கைதூக்கி விடுவதே பெரிது என்று எண்ணுகிறவருக்கு இது தாங்க முடியாத வேதனை. நேர்மையும் அந்த மாணவரின் சுயமரியாதையும் பெரிது என்று எண்ணுகிறவருக்கோ இயல்பாகவே கைவரும். என்னைவிட இரக்க குணம் மிகுந்த தோழி ஒருவர் இதனாலேயே தேர்வறையை விட்டு, பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தரும் பணிக்கு மாறினார். இன்றுவரை அதைத் தொடர்கிறார். (எழுதித் தருபவரின் கல்வித் தகுதி தேர்வரின் தகுதியைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதி சில தேர்வுகளுக்கு உண்டு. பட்டதாரிகள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.)

பதில்: திருவான்மியூர் பேராசிரியர்

ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்ற உளவியலாளர் 1992-இல் மனிதரின் அடிப்படை விழுமியங்களைப் பத்தாக வகுத்தபோது, தமக்கு நெருங்கியவர்களின் நலம் பேணுவதையும் உலகோர் அனைவரின் நலத்தையும் இயற்கையையும் காப்பதையும் வெவ்வேறாக வைத்தார். தம் தெருக் கோயிலுக்கு உழைப்பவரிடம் முன்னது மேலோங்கியிருக்கலாம். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நள்ளிரவில் கடற்கரை மணலில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடியெடுத்துக் காப்பவரிடம் பின்னது மேலோங்கியிருக்கலாம். ஆனால், கிளாரியும் ஸ்னைடரும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் தன்னார்வலரின் நோக்கங்களை ஆறாகப் பிரித்தபோது, விழுமியம் அவற்றுள் ஒன்றாகவே இருந்தது. கற்றல், நட்பு வட்டம், தொழில் முன்னேற்றம் போன்றவையும் அந்த ஆறில் அடங்கும். தொழில் முன்னேற்றம் என்ற நோக்கம் ஓய்வுக்குப் பின் பெரும்பாலும் தேய்ந்துவிடும். எஞ்சியுள்ள காலம் குறுகியது என்று உணர்பவர்கள் மனநிறைவு தரும் உறவுகளையும் செயல்களையுமே நாடுவார்கள் என்பது உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சனின் கோட்பாடு. எனவே, வகுப்பை விட்டு விலகிய உங்கள் அண்டை வீட்டுக்காரரை உறுதியற்றவர் என்று நான் சொல்ல மாட்டேன்.

பதில்: வேளச்சேரி 46

பேராசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும். விழுமியம் முதலில், செயல் பிறகு என்ற வரிசை எனக்கு ஐயமாக இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் பகுதியில் பால் பாக்கெட்டுகளையும் குடிநீர் கேன்களையும் மாடி மாடியாகச் சுமந்தவர்களில் எவரும் தம் விழுமியத்தை ஆராய்ந்துவிட்டுத் தண்ணீரில் இறங்கவில்லை. அதில் சிலர் பின்னர் ஏரி மீட்புக் குழுக்களில் சேர்ந்தார்கள். அந்த ஈடுபாடு அவர்களுக்கு வேலையினூடேதான் வந்தது. தவிர, நடுத்தர வயதில் மாமியாரையும் பேரக்குழந்தையையும் ஒருசேரக் கவனித்துக்கொள்ளும் பெண்ணிடம் விழுமியம் இருந்தும் நேரம் இருப்பதில்லை. அவர் வீட்டில் செய்வதை யாரும் தொண்டுக் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. நங்கநல்லூர் ஐயா மே மாதம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று குழுக்களுடன் குழுவுக்கொரு சனிக்கிழமை வெறுமனே உடன் சென்று பாருங்கள். பொறுப்பு எதையும் ஏற்கும் முன், அங்கிருந்து விலகியவர்கள் ஏன் விலகினார்கள் என்று கேளுங்கள். அதற்கு நேராகப் பதில் சொல்லும் குழுவில் சேரலாம்.