மலேசியாவுல தமிழ்ப்பள்ளி முடிச்சு எஸ்எம்கே (தேசிய இடைநிலைப்பள்ளி) படிவம் 1, எப்படி இருக்கும்?

பட்டர்வொர்த்_அம்மா:
வணக்கம், பெரியவன் ஆறாம் ஆண்டு முடிக்கிறான், அடுத்து பக்கத்து எஸ்எம்கே தான், ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு யூபிஎஸ்ஆர ரத்து பண்ணிட்டதால எந்த லெவல்ல இருக்கான்னே புரியல, மலாய் வேற வீக், ரிமூவ் கிளாஸ்ல (படிவம் 1க்கு முன்னாடி மலாய் தேத்துற ஒரு வருச வகுப்பு) போட்டுருவாங்களா? அங்க தமிழ் படிக்கலாமா?

பிறை_பையன்:
மலாய் ரொம்ப வீக்னா போடலாம்கா, ஒரு வருசம் கூட ஆகும், அவ்ளோதான், என் தங்கச்சி அதுல போனவ, இப்ப மலாய்ல பொளந்து கட்டுறா. தமிழ் தான் முக்கியம், அது தானா வராது, 15 பிள்ளைங்களோட பெற்றோர் கேட்டா சொல்லித் தரணும்னு 1996 கல்விச் சட்டத்துலயே இருக்கு, அதனால பதிவு நாள்லயே மத்த அம்மாக்கள பிடிச்சு லெட்டர் குடுத்துருங்க. சில ஸ்கூல்ல மத்த பாடமெல்லாம் முடிஞ்ச பிறகு தான் தமிழ் கிளாஸ், பசியில முனகுவான், விட்டுறாதீங்க, படிவம் 5 முடிவுல வர்ற எஸ்பிஎம் தேர்வுக்கு தமிழ் எடுக்கணும்ல.

ஈப்போ_ரோடு_டீச்சர்:
படிவம் 3 தேர்வு பிடி3-ய 2022ல ரத்து பண்ணிட்டாங்க. கிளாஸ் மதிப்பீட்டுல மார்க் பாக்காதீங்க, தேர்ச்சி நிலை 1ல இருந்து 6 வரைக்கும் போடுவாங்க. கொக்கோவ (புறப்பாட நடவடிக்கை) லேசா எடுத்துக்காதீங்க, சீருடை இயக்கம், கிளப், ஸ்போர்ட்ஸ் மூணுலயும் பேர் குடுக்கணும். கூச்சப்படுற பையன்னா சாரணர் நல்லது, என் அனுபவம்.

பட்டர்வொர்த்_அம்மா:
நன்றி டீச்சர். யூனிபார்ம்?

பிறை_பையன்:
வெள்ளை சட்டை, பச்சை காற்சட்டை, கறுப்பு ஷூ. டிசம்பர்ல கடைசி நேரத்துல போனா சைஸ் கிடைக்காது லா.