காரில் புதிய ஆடியோ செட் பொருத்தும்போது கதவு ஸ்பீக்கர் வயர்களையும் மாற்றத்தான் வேண்டுமா?

பாலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2014-இல் வாங்கிய சிறிய ஹேட்ச்பேக் ஒன்று இருக்கிறது. காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டைக்கு நாள்தோறும் அதில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். கம்பெனி செட்டும் அதோடு வந்த காகிதக் கூம்பு ஸ்பீக்கர்களும் காது புளித்துவிட்டதால், சென்ற வாரம் புதிய செட் ஒன்றும், முன்கதவுகளுக்கு 6.5 அங்குலக் காம்போனன்ட் ஸ்பீக்கர்களும் (கீழ்ஸ்தாயிக்கு வூஃபர், மேல்ஸ்தாயிக்கு ட்வீட்டர் எனத் தனித்தனியாக வருபவை), பின்கதவுகளுக்கு அதே அளவில் கோஆக்ஸியல் ஸ்பீக்கர்களும் (இரண்டும் ஒன்றாகவே அமைந்தவை) வாங்கினேன். எல்லாமே 4 ஓம். தனியாக ஆம்ப் (ஒலியின் திறனைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர்) வைக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

பொருத்தித் தருவதற்காக வேலூரில் ஒரு கடையில் கேட்டபோது, கம்பெனி வயர் தலைமுடியைப் போல இருக்கிறது, அதில் நல்ல ஸ்பீக்கரை ஓட்டினால் பாதிச் சத்தம் வயரிலேயே போய்விடும் என்று சொன்னார்கள். நான்கு கதவுகளுக்கும் ஆக்ஸிஜன் நீக்கிய தாமிரத்தில் 14 கேஜ் (வயரின் பருமனைக் குறிக்கும் எண்) வயர் இழுக்க, கூலியோடு 6,500 ரூபாய் ஆகுமாம். ஏறக்குறைய ஒரு ஜோடி ஸ்பீக்கரின் விலை அது. டேஷ்போர்டின் பின்னால் எட்டிப் பார்த்ததில், பழைய வயர் 0.5 சதுர மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும் என்று தோன்றுகிறது. பாதிச் சத்தம் போய்விடும் என்பது மெய்யா, அல்லது வியாபாரப் பேச்சா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோட்டைமதில் எழுதியது:

மாற்றிவிடுவதே நல்லது என்பது என் எண்ணம். கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றும் வேலை எப்படியும் இருக்கிறது; பிறகு ஒருநாள் ஆம்ப் வைக்கத் தோன்றினால் மறுபடியும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும். என் வண்டியில் வயரையும் சேர்த்து மாற்றிய பிறகு சத்தம் நன்றாகத் திறந்துகொண்டது. ஸ்பீக்கரையும் அன்றைக்கே மாற்றினேன் என்பதால், எது எதனால் என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது.

ஓம்விதி எழுதியது:

கோட்டைமதில் அவர்களின் கடைசி வாக்கியத்தின் நேர்மையைப் பாராட்டுகிறேன். வயரை மாற்றியதால் சத்தம் கூடியது என்று சொல்லுகிற பலர், அதே நாளில் ஸ்பீக்கரையும் மாற்றியிருப்பார்கள்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 0.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயருக்கு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.035 ஓம் மின்தடை உண்டு. செட்டிலிருந்து பின்கதவு வரைக்கும் 5 மீட்டர் என்று தாராளமாக வைத்துக்கொண்டால், போக்கும் வரவும் சேர்த்து 10 மீட்டர், அதாவது 0.35 ஓம். நான்கு ஓம் ஸ்பீக்கரோடு இது தொடராக நிற்கும்போது, ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் ஒலி சுமார் 0.7 டெசிபெல் குறைகிறது. அதே தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.25 டெசிபெல். ஆக, கதவுகளைப் பிரித்து, ரப்பர் குழாய்களுக்குள் வயரைத் திணித்து நீங்கள் சம்பாதிப்பது அரை டெசிபெல்லுக்கும் குறைவு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு டெசிபெல் வித்தியாசத்தையே காது சிரமப்பட்டுத்தான் கண்டுகொள்ளும். அதிலும் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டும்போது சொல்லவே வேண்டியதில்லை. முன்கதவுக்குத் தூரம் இன்னும் குறைவு என்பதால் அங்கே இழப்பும் குறைவு. சத்தத்தில் பாதி வயரிலேயே போக வேண்டுமென்றால் வயரின் மின்தடை ஸ்பீக்கரின் மின்தடைக்குப் பக்கத்தில் வர வேண்டும். அது பழுதுபட்ட இணைப்பில் நடக்குமே தவிர, நல்ல வயரில் நடக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். செட்டின் பெட்டியில் 50 வாட் பெருக்கல் 4 என்று அச்சிட்டிருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் 14.4 வோல்ட், அதை அப்படியே வர்க்கப்படுத்தி 4 ஓமால் வகுத்தால் 52 வருகிறது. பெட்டியிலுள்ள 50 வாட்டின் பூர்வீகம் இதுதான். இது சதுர அலைக்கு, அதாவது சத்தம் முழுவதும் உடைந்துபோன நிலைக்குப் பொருந்தும் கணக்கு. சுத்தமான ஒலிக்குக் கோட்பாட்டின்படியே 26 வாட்டுக்கு மேல் வராது. நடைமுறையில் 18 முதல் 22 வாட் வரை கிடைக்கும். 20 வாட்டுக்கு ஸ்பீக்கர் வயரில் ஓடும் மின்னோட்டம் 2.2 ஆம்பியர். அதற்கு 14 கேஜ் வயர் போடுவது, கைப்பம்புத் தண்ணீருக்கு ஏரி மதகு கட்டுவதைப் போன்றது.

ஆக்ஸிஜன் நீக்கிய தாமிரம் என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். வீட்டு வயரிங்குக்கு வரும் நல்ல தாமிரத்துக்கும் அதற்கும் கடத்துதிறனில் ஏறக்குறைய ஒரு சதவீத அளவுக்கே வித்தியாசம் இருக்கும். நிஜமாகவே பயப்பட வேண்டியது, அலுமினியத்தின் மேல் மெல்லிய தாமிரப் பூச்சு போட்டு விற்கும் வயரைப் பார்த்துத்தான். அதன் மின்தடை, அதே பருமனுள்ள தாமிரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலே போகும். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். வெள்ளீயம் பூசிய தாமிரமும் வெளியே வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் சுரண்டினால் சிவப்பு தெரியும். எந்த கேஜ் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க அளவில் 16 கேஜ் என்பது 1.3 சதுர மில்லிமீட்டர். நம் ஊர் எலக்ட்ரிக் கடைகளில் பழகிய பழைய பிரிட்டிஷ் அளவில் அதே எண் 2 சதுர மில்லிமீட்டருக்கும் சற்று மேல். கேஜ் எண்ணை விட்டுவிட்டு சதுர மில்லிமீட்டரில் பேசுவதே உத்தமம்.

நேர்மைக்காக எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். வயரின் மின்தடை கூடினால், கூம்பின் அசைவை அடக்கும் பிடிமானம் சற்றுத் தளரும் என்பது உண்மை. ஆனால் ஸ்பீக்கரின் சுருளிலேயே 3.4 ஓம் அளவுக்கு மின்தடை உட்கார்ந்திருக்கிறது, அதோடு 0.35 ஓம் சேர்வது பத்தில் ஒரு பங்கு மாற்றம். நன்றாக மூடிய பெட்டியில் வைத்துக் கூர்ந்து கேட்டால் ஒருவேளை தெரியலாம். ஓட்டை ஓட்டையாகத் தகரம் தெரியும் கார் கதவில் அதைத் தேடுவது வீண்.

சத்துவாச்சாரி வயரிங் எழுதியது:

மேலே போட்ட கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கணக்கு, வயர் முழுதாக இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. பதினெட்டு வருடமாக வண்டி எலக்ட்ரிகல் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், தம்பி: பத்து வயதான வண்டியில் வயரின் பருமனைவிட அதன் உடல்நிலைதான் முக்கியம்.

ஓட்டுநர் கதவு ஒரு நாளைக்கு எத்தனை முறை திறந்து மூடப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய்க்குள் வயர் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்கிறது. சில வருடங்களில் உள்ளிழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மேலுறை மட்டும் நல்ல பிள்ளையைப் போல இருக்கும். அப்படிப்பட்ட வண்டிதான், கதவை ஓங்கி அடைத்தால் பாடும், வேகத்தடையில் ஏறினால் நிறுத்திவிடும்.

அடுத்தது டேப். நம் ஊர்க் கத்திரி வெயிலில் நிழலில்லாமல் நிறுத்திய வண்டியின் உள்ளே கை வைக்க முடியாது என்பது வேலூர்க்காரர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி, டேப் வழுக்கிக் கழன்று, முறுக்கி மட்டும் விட்ட இணைப்பு வெறுமையாக நிற்கும். முன்பு யாராவது செட் மாற்றியிருந்தால் டேஷ்போர்டுக்குப் பின்னால் அப்படி எட்டு முறுக்குகள் கட்டாயம் இருக்கும். முறுக்கிய இணைப்பு கருத்துப்போனால் அந்த ஓர் இடத்தின் மின்தடையே முழு வயரின் மின்தடையைத் தாண்டிவிடும்.

ஆகையால் முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். செட்டைக் கழற்றிவிட்டு, வண்டிப் பக்கத்துக் கப்ளரில் (வயர்கள் சேர்ந்து முடியும் இணைப்பியில்) ஒவ்வொரு ஸ்பீக்கர் ஜோடியையும் அளந்து பாருங்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். மலிவான மீட்டரில் அதுவே 0.3 ஓம் காட்டும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 3.2 முதல் 3.9 வரை காட்டினால் சரி. மீட்டரை விடாமல் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைக் கதவை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். எண் குதித்தால் ரப்பர் குழாய்க்குள் வயர் அறுபட்டிருக்கிறது என்று பொருள். பிறகு ஒவ்வொரு வயருக்கும் பாடிக்கும் இடையே அளந்து பாருங்கள். அங்கே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. இருந்தால், வயர் எங்கோ உரசித் தோல் உரிந்திருக்கிறது. அந்த நிலையில் புதிய செட்டை மாட்டினால் செட்டுக்குள் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் ஐசி (சில்லு) போய்விடும்.

வயர் இழுக்கிறவர்கள் செய்யும் இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். பல வண்டிகளில் கதவுத் தூணில் திறந்த துளை இருக்காது. பின்கள் நிறைந்த கப்ளர்தான் இருக்கும். தடிமனான வயர் அதில் நுழையாது என்பதால் கப்ளரை ட்ரில் போட்டுத் துளைத்துவிடுவார்கள். பவர் விண்டோ, சென்ட்ரல் லாக் வயர்கள் எல்லாம் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

லாரிப்பட்டறை எழுதியது:

ஒரு விதிவிலக்கைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் வீட்டில் அப்பா காலத்து ஜீப் ஒன்று ஆற்காட்டில் நிற்கிறது. அதில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயரைத் தனியாக இழுக்காமல் பாடியிலேயே பொருத்தியிருந்தார்கள். பழைய கேசட் செட்டுகளுக்கு அது ஒத்துவந்தது. இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளுமே மின்னழுத்தத்தோடு இயங்குகின்றன. எதையும் பாடியில் தொடக் கூடாது. அதை அறியாமல் மாட்டி ஒரு செட்டை நான் பலிகொடுத்தேன். அத்தகைய வண்டிக்கு வயரை மாற்றியே ஆக வேண்டும். அங்கே விவாதத்துக்கு இடமே இல்லை.

பாலாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன் உட்கார்ந்து அளந்துவிட்டேன். மூன்று கதவுகளில் 3.5 ஓமுக்கு அக்கம்பக்கமாக அசையாமல் நின்றது. ஓட்டுநர் கதவில் மட்டும் 4.8-இல் தொடங்கி, கதவை அசைத்தபோது 11 வரைக்கும் போய்வந்தது. பாடிக்கு எதிலும் தொடர்பு இல்லை. சத்துவாச்சாரி ஐயா சொன்னதைப் போலவே ரப்பர் குழாய்க்குள் கையை விட்டு வருடியதில் ஓரிடத்தில் வயர் நூலைப் போலத் துவண்டது.

அந்தக் கதவுக்கு மட்டும் 1 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரைப் புதிதாக இழுத்துவிட்டு, மற்ற மூன்றையும் அப்படியே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் வயர் மாறினால் இடது வலது சமன் கெடுமா? பின்னால் 75 வாட் நான்கு சேனல் ஆம்ப் ஒன்றை இருக்கைக்கு அடியில் வைத்தால் இந்த முடிவுக்காக வருந்துவேனா?

ஓம்விதி எழுதியது:

சமன் கெடாது. முன்கதவுத் தூரத்துக்கு இரண்டு பக்கத்துக்கும் வரும் வித்தியாசம் கால் டெசிபெல்லைத் தொடாது. நீங்கள் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் வரும் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு பெரியது.

ஆம்ப் விஷயத்தில் ஒன்றை மனத்தில் வையுங்கள். டெசிபெல் கணக்கிலான இழப்பு வாட்டைப் பொறுத்ததன்று. 20 வாட்டிலும் 75 வாட்டிலும் அதே விகிதந்தான். 75 வாட்டுக்கு 4.3 ஆம்பியர் ஓடும். பாட்டில் அந்த உச்சம் கணநேரந்தான் நிற்கும் என்பதால், 0.5 சதுர மில்லிமீட்டர் வயர் சூடேறும் என்ற அச்சமும் வேண்டியதில்லை. ஆம்பிலிருந்து டேஷ்போர்டு வரைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் இழுத்து, அங்கிருந்து கம்பெனி வயரில் விட்டுவிடலாம். கீழ்ஸ்தாயிக்கென்றே உள்ள 2 ஓம் சப்வூஃபருக்கு 300 வாட் கொடுக்க நினைக்கும் நாளில் 12 ஆம்பியர் ஓடும். அந்த ஓர் இணைப்புக்கு மட்டும் 2.5 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். ஆம்ப் வரும்போது செலவழிக்க வேண்டிய வயர் பேட்டரியிலிருந்து வரும் வயர்தான்: குறைந்தது 8 சதுர மில்லிமீட்டர், அதே பருமனில் எர்த், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர் தென்பட்டால் அது ஏர்பேக்குக்கு உரியது, தொட வேண்டாம்.

மிச்சமாகும் பணத்தில் முன்கதவு இரண்டுக்கும் தகரத்தின் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் வாங்கி, உள்தகரத்திலுள்ள பெரிய துளைகளை மூடுங்கள். கூம்பின் பின்பக்க ஒலி அந்தத் துளைகளின் வழியே முன்னால் வந்து கீழ்ஸ்தாயியைத் தின்றுவிடுகிறது. கதவின் அடிவிளிம்பிலுள்ள சிறு துவாரங்களை மட்டும் விட்டுவிடுங்கள். மழைநீர் வடிய அவைதான் வழி.

சத்துவாச்சாரி வயரிங் எழுதியது:

கம்பெனி செட்டின் கப்ளரை வெட்டாதீர்கள், தம்பி. உங்கள் வண்டிக்கு ஏற்ற மாற்றுக் கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். புதிய செட்டின் வயரில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். புதிதாக இழுக்கும் கதவில் பிளஸ் மைனஸ் மாறிவிட்டால் எந்த வயரும் காப்பாற்றாது. ஒரு கூம்பு தள்ளும்போது மற்றது இழுத்து, பாஸ் காணாமல் போய்விடும். சந்தேகம் வந்தால் செட்டிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, சுவர்க்கடிகார பேட்டரி ஒன்றை வூஃபர் முனைகளில் ஒரு நொடி மட்டும் தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே வரும். ட்வீட்டரில் இதைச் செய்ய வேண்டாம்.

ரப்பர் குழாய்க்குள் வயரை இறுக்கமாக விடாமல், கதவு முழுவதும் திறந்த நிலையில் இரண்டு விரல் தளர்வு இருக்கும்படி விடுங்கள். இணைப்பை அந்தக் குழாய்க்குள் வைக்காமல் கதவின் உள்ளே கொண்டுபோய், கிரிம்ப் செய்து (உலோக முனைக்குள் வைத்து நசுக்கி இறுக்கி), சூடுபட்டால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். கடைசியாகக் குழாயின் விளிம்பைத் தூணின் பள்ளத்தில் சுற்றிலும் அழுத்தி உட்கார வையுங்கள். ஓர் ஓரம் வெளியே நின்றாலும் ஐப்பசி மழையில் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு உங்கள் கால்மிதிக்கு வந்துவிடும்.